ஐம்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம்

பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கணக்கு மட்டும் வேப்பங்காய். வாய்த்த மனைவியோ கணக்கு டீச்சர்! கல்யாணமான புதிதில் அவள், "ஏங்க, 5882353-னு ஒரு நம்பர் இருக்கு, அதோட அழகக் கேளுங்களேன்" என்று ஆரம்பிப்பாள். "ஐயோ, தலை சுத்துது" என்று மனிதர் எழுந்து ஓடிவிடுவார். எத்தனை நாள்தான் சொல்வாள், பாவம்? வீட்டில் எண்களைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

பதினெட்டு வருஷம் கழித்துத்தான் அது அவருக்கு உறைத்தது. ஒருநாள் பள்ளிக்குப் பெயர்ப்பலகை மாட்டப் போனவர், சக டீச்சர்களிடம் அவள் ஏதோ ஓர் எண்ணைப் பற்றி வாய் ஓயாமல், கண் மின்னப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தனக்கு மட்டும் கிடைக்காத பேச்சு.

மறுநாளே, அவள் மேசையில் வைக்க, அன்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் தங்கிவிட்ட அந்த 5882353-ஐப் பித்தளையில் வெட்ட உட்கார்ந்தார். ஆனால் பாழாய்ப்போன கை பழக்கத்தை விடுமா? காலையிலிருந்து கடைப் பலகைகளுக்கு ஏழு இலக்கப் போன் நம்பராக வெட்டித் தள்ளிய கை அது. மூன்று இலக்கம் வெட்டியதும் தானாக இடம் விட்டு, மிச்ச நான்கை வெட்டியது. 588 2353.

"மடையா, மடையா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வேறு தகடு எடுக்க நேரமில்லை. அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தகட்டை வாங்கிப் பார்த்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"சரியா இந்த எடத்துல பிரிக்கணும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்கு மனசு வரவில்லை.

"போன் நம்பர் ஞாபகத்துல வெட்டிட்டேன்மா. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

அவள் முகம் வாடிப்போயிற்று. தகட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போயிடாத," என்றார் அவசரமாக. "இந்தத் தடவ நான் ஓட மாட்டேன். சொல்லு, ஏன் அங்க பிரிக்கணும்?"

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "588-அ அதே 588-ஆல பெருக்குங்க. 2353-அ அதே 2353-ஆல பெருக்குங்க. ரெண்டு விடையையும் கூட்டுங்க."

பென்சிலை எடுத்தார். இரண்டு முறை தப்பாகப் போட்டு, அழித்து, அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். 345744. 5536609. கூட்டக் கூட்ட வலமிருந்து ஒவ்வோர் இலக்கமாக வந்தது. 3, 5, 3, 2, 8, 8, 5.

"அடியே, அதே நம்பர்!" என்று கத்தியே விட்டார். "ரெண்டாப் பிச்சுப் போட்டாலும் திரும்ப வந்து நிக்குது பாரேன்!"

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. வேர்த்து வழிந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மாதிரி இன்னும் இருக்கா?"

"இருக்கு," என்றாள். "பதினெட்டு வருஷமாச் சேத்து வச்சிருக்கேன்."