கிளாடிஸ் பேர் வைத்த கப்பல்

"முப்பத்தஞ்சாயிரம் டன் கப்பலுக்கு எங்க கிளாடிஸ்தாம்வே ஞானஸ்நானம் குடுத்தா. பாட்டிலை ஒரு வீசு வீசுனா பாத்துக்கோரும், கப்பல் ரெண்டடி பின்னால போயிட்டு. நுரை பொங்கி முயல் தீவு வரைக்கும் போச்சு. அங்கன மீன் பிடிச்சிட்டிருந்தவன் மழைன்னு நெனச்சு தார்ப்பாயை இழுத்து மூடிட்டான்."

துறைமுகச் சாலை டீக்கடையில் ஜீவமணி இதைச் சொன்னதும் மாஸ்டர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். காஜா மட்டும் சிரிக்கவில்லை. காயல்பட்டினத்துக்காரர். கப்பலைக் கரையில் கட்டுகிற கயிற்றை இழுத்துக்கொண்டு போகும் படகை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜீவமணியின் பொய்களை ஆரம்பத்தில் எண்ணிக்கொண்டு வந்தார்; நூறைத் தாண்டியதும் கை வலித்து விட்டுவிட்டார்.

"வே, கப்பலுக்குப் பேரு வைக்கணும்னா மொதலாளி பொண்டாட்டி வருவா, இல்ல மந்திரி சம்சாரம் வருவா. லிஸ்ட் எழுதுத பொம்பளைய எவன் கூப்புடுவான்? கேக்குறவன் கேணையனா இருந்தா போயிச் சொல்லும்."

"நேத்து காலையில நடந்தது வே! நான் பக்கத்துல நின்னேன்."

"நீரு நின்னீருன்னாலே நடக்கலன்னு அர்த்தம்."

ஆனால் இந்த ஒரு தடவை ஜீவமணி உண்மையிலேயே பக்கத்தில்தான் நின்றார்.

துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குத் தக்காளியிலிருந்து தலையணை உறை வரை கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் அவர் முப்பத்திநாலு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் தினம் போய் உட்காருவார். வேலை ஒன்றும் கிடையாது, மேற்பார்வை. முதலாளியின் மகன் மெல்வின் இப்போது முதலாளி. கிளாடிஸ் அங்கே சேர்ந்து மூன்று மாதம். அதற்கு முன் ஒன்பது வருஷம் உல்லாசக் கப்பலில் சரக்கறை பார்த்தவள். மகள் ஜெனிஸ் பிளஸ் டூ வந்துவிட்டாள், இனிக் கடல் வேண்டாம் என்று கரைக்கு வந்திருந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று மெல்வின் சொல்லியிருந்தான். அந்த மூன்று மாதம் நேற்றோடு முடிந்தது. வேலை கிடைக்காவிட்டால், எட்டு மாதம் மறுபடி கடல். ஜெனிஸ் விடுதிக்குப் போக வேண்டும்.

அன்று உரம் இறக்கி முடித்திருந்த கப்பல் கைமாறிய கப்பல். புது முதலாளி, 'செலின்' என்று புதுப் பேர். பெயிண்ட் காயக் காத்திருந்த அந்தப் பேரை, பதினொரு மணிக்குக் கப்பலின் மூக்கில் பாட்டில் உடைத்து, முறைப்படி வைக்க வேண்டும் என்று அதன் பிரெஞ்சுக் கேப்டன் விரும்பினார். அதனால் அவருடைய பட்டியலில் நாற்பது கிலோ தக்காளிக்கும் பன்னிரண்டு விளக்குமாறுக்கும் கீழே 'ஷாம்பெயின், ஒரு பாட்டில்' என்று இருந்தது.

சரக்கு வந்து சேர்ந்தது. குளிரவைக்கிற பொறுப்பை ஜீவமணி கேட்டு வாங்கிக்கொண்டார். மீன் பெட்டியில் நொறுக்கின ஐஸை நிரப்பிப் பாட்டிலைப் புதைத்தார். வெறும் ஐஸுக்குக் குளிர் ஏது? ஆறுமுகநேரிக் கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டார். சீலா மீனை இப்படி வைத்தால் கொச்சி வரைக்கும் கண் விழித்தபடி போகும் என்பது அவர் கணக்கு. பத்து மணிக்குப் பெட்டிக்குள் 'டொப்' என்றது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது பனிக்கட்டியாகி, பாட்டில் கழுத்திலிருந்து பாதம் வரை விண்டு கிடந்தது. இந்த உப்பு சமாச்சாரத்தை மட்டும் டீக்கடையில் அவர் சொல்லவில்லை. அங்கே சொன்ன கதையில் பாட்டில் தூத்துக்குடி வெயில் தாங்காமல் தானாக வெடித்தது.

மெல்வின் தலையில் கை வைத்தான். பிறகு அலமாரியைத் திறந்தான். இத்தாலிக் கப்பல் ஒன்று வாங்காமல் விட்டுப்போன பாட்டில் ஒன்று இருந்தது. அதே கனம், அதே தங்கக் காகிதம், அதே கம்பி கட்டின தக்கை.

"இதக் குடுத்துருவோம். ரசீதுல ஷாம்பெயின்னே இருக்கட்டும்."

"அது ஷாம்பெயின் இல்ல சார்," என்றாள் கிளாடிஸ்.

"நுரைக்கும்லா?"

"நுரைக்கும். சோப்பும்தான் நுரைக்கும். ஷாம்பெயின்ங்கிறது பிரான்சுல ஒரு சீமை சார். அங்கன வெளைஞ்ச திராட்சையில, அங்க உள்ள முறைப்படி, பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது வாட்டி நொதிக்க வச்சுச் செஞ்சாத்தான் அந்தப் பேரு. இத்தாலியில செஞ்சா ஸ்புமான்டே. ஸ்பெயின்ல காவா. ஜெர்மன்காரன் செக்ட்டுன்னு சொல்லுதான். எல்லாத்துக்கும் பொதுவாச் சொன்னா, ஸ்பார்க்ளிங் ஒயின். நுரைக்கிற திராட்சை ரசம்."

ஜீவமணி வாயைப் பிளந்தார். முப்பத்திநாலு வருஷத்தில் தக்கை பறக்கிற எதையும் அவர் ஷாம்பெயின் என்றுதான் எழுதியிருக்கிறார். ஒரு தடவை ஆப்பிள் சாற்றைக்கூட. இவள் என்னவென்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பேரை, சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல் வரிசையாகச் சொல்கிறாள்.

"அப்ப ஆத்தூர் வெத்தலை மாதிரின்னு சொல்லு," என்றார்.

"அதேதான் அண்ணாச்சி. வேற ஊரு வெத்தலை நல்லாவே இருக்கட்டும். அதுக்கு ஆத்தூர்னு பேரு வைக்கலாமா?"

"ரெண்டு பேரும் வெத்தலை போட்டு முடிச்சாச்சா?" மெல்வினுக்குக் குரல் ஏறியது. "கப்பல்ல மோதி உடைக்கப்போற பாட்டில் இது. சுக்குநூறாப் போறதுக்கு என்ன பேரா இருந்தா என்ன?"

"உடையப்போறது பாட்டில்தான் சார். காகிதம் உடையாது. என் கையெழுத்தோட அது கப்பல்லயே கெடக்கும்."

"இந்தக் கப்பல் கை நழுவிச்சுன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

மேசையில் இருந்த செல்போனில் ஜெனிஸின் படம் மின்னி அணைந்தது. கிளாடிஸ் பேனாவை எடுத்து ரசீதில் எழுதினாள்: 'ஸ்பார்க்ளிங் ஒயின், இத்தாலி. கேட்ட ஷாம்பெயின் எங்கள் கையில் உடைந்துவிட்டது. அதற்கு விலை இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

உப்பு அள்ளிப் போட்டது ஜீவமணியின் கை. 'எங்கள் கையில்' என்று எழுதிப் பழியைப் பங்கு போட்டுக்கொண்டது அவள். "பெட்டிய நான் தூக்கிட்டு வாரேன் ஏளா," என்று முன்னால் நடந்தார்.

கப்பலின் ஏணிக்கு மேல் நின்றிருந்த மூன்றாம் அதிகாரி வேறு யாருமில்லை, காஜாவின் மகன் ரியாஸ். "மாமா, கேப்டன் கோவக்காரர். பாத்துப் பேசுங்க," என்று காதோடு சொல்லி அழைத்துப்போனான்.

கேப்டன் நெட்டையான மனிதர். காகிதத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். அந்த நேரத்தில் பளுதூக்கிகள் நின்றன, கடல்காகங்கள் கத்துவதை நிறுத்தின, அலை பாதியில் நின்று எட்டிப் பார்த்தது. இதெல்லாம் ஜீவமணியின் கணக்கு. அவருடைய நெஞ்சு அடித்த சத்தம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை.

"ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேப்டன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அது அதுதான் என்பதால்," என்றாள் கிளாடிஸ். பார்வையைத் தாழ்த்தவில்லை.

கேப்டன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகக் கடலில் இருப்பதாகச் சொன்னார். எத்தனையோ துறைமுகங்களில் தனக்கு ஷாம்பெயின் என்று விற்றிருக்கிறார்கள். அவற்றில் பாதி, ஷாம்பெயின் இருக்கும் திசையைக்கூடப் பார்த்ததில்லை. இல்லாததை இல்லை என்று எழுதிக்கொடுத்த காகிதம் கையில் வருவது இதுதான் முதல் தடவை என்றார். ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தோடு முடிந்தது என்று ஜீவமணி காலிப் பெட்டியைத் தூக்கினார்.

"போகாதீர்கள்," என்றார் கேப்டன். "இந்தப் பாட்டிலை நான்தான் வீசுவதாக இருந்தது. ஒரு பொருளை அதன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இங்கே நிற்கும்போது, என் கப்பலுக்குப் பேர் நான் வைப்பது நன்றாக இருக்காது."

கிளாடிஸ் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். முன்தளத்தில் இருபது மாலுமிகள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். கயிற்றில் கட்டிய பாட்டிலைக் கையில் ஏந்தி, ஒரு நொடி கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள். "செலின், உனக்கு நல்ல கடல் அமையட்டும்," என்று தமிழில் சொல்லி வீசினாள். ஒரே வீச்சு. கண்ணாடி தெறித்தது. வெள்ளை நுரை, புதுக் கறுப்பு பெயிண்டில் வழிந்து இறங்கியது. ஜீவமணி தன் வாழ்நாளில் பார்த்த நுரையிலேயே அழகான நுரை. அதன் பேர் இப்போது அவருக்குத் தெரியும்.

கீழே வேனில் காத்திருந்த மெல்வின் ரசீதின் பிரதியைப் பார்த்தான். கேப்டனின் கையெழுத்துக்குக் கீழே, இனி இந்தத் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் சரக்கு இந்த அம்மையாரிடம்தான் என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருங்க," என்று மட்டும் சொன்னான்.

ஜீவமணி கதையை முடித்து டீயைக் குடித்தார். ரியாஸ் பேர் வந்ததுமே காஜாவுக்குக் கண் பிரகாசித்துவிட்டது. "எம் மவனையே சாட்சிக்கு இழுக்கீரா? கப்பல் கொழும்புக்குப் போய்ச் சேந்துட்டு. இந்தா கேப்போம்." போனைப் போட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி வைத்தார்.

"ஏலே ரியாஸ், உங்க கப்பல் முப்பத்தஞ்சாயிரம் டன்னா?"

"இருவத்தெட்டு வாப்பா."

"கேட்டீரா வே! பாட்டில் பட்டு ரெண்டடி பின்னால போச்சாம்லா?"

"கயிறு கட்டிக் கெடந்த கப்பல் எங்கன போவும்?"

கடை சிரித்தது. காஜா தொடையைத் தட்டினார். "நுரை முயல் தீவுக்குப் போச்சாம்!"

"எஞ் சட்டையில ரெண்டு சொட்டு பட்டுது. அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் பொம்பள பேரு வச்சதும் பொய்யிதான்?"

மறுமுனையில் ரியாஸ் சிரிப்பை நிறுத்தினான். "அது பொய்யில்ல வாப்பா. அவங்கதான் வச்சாங்க. நாங்க எல்லாரும் தொப்பியக் கழத்திட்டு நின்னோம். அவங்க எழுதுன காகிதத்த கேப்டன் சாப்பாட்டு அறையில சட்டம் போட்டு மாட்டிருக்காரு. இப்ப அதுக்கு முன்னாலதான் நிக்கேன்."

காஜா போனை அணைத்துப் பையில் வைத்தார். டீயை ஒரு மடக்குக் குடித்தார். ஜீவமணியின் முகத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த பிஸ்கட் பாட்டிலைப் பார்த்துச் சொன்னார்:

"நடந்துதான் இருக்கு வே."