குடத்து மூடி

பேராசிரியர் கொண்டுவந்த மலர்வளையம் வாசலுக்குள் நுழையவில்லை. சாய்த்தார்கள், திருப்பினார்கள், நான்கு பேர் சேர்ந்து நெருக்கினார்கள். லாரிச் சக்கரத்துக்கு அக்கா போலிருந்தது அது. கடைசியில் வெளிச்சுவரில் சாத்தினார்கள். அதன் பட்டு நாடாவில் தங்க எழுத்து மின்னியது: ‘கடல் கொண்ட நகரைக் கண்ட கண்களுக்கு.’

கூடத்தில் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னல் வழியே அதைப் படித்தாள். நேற்றுக் காலையில் மூடிய கண்கள். அவை எதைக் கண்டன என்று அவளுக்குத் தெரியும்.

இருபது வருடம் பேராசிரியரின் படகிலிருந்து முக்குளித்தவர் அவர். கதைகளில் மட்டுமே இருந்த நகரத்தின் மதில் கிடைத்துவிட்டதென்று பதினோரு வருடங்களுக்கு முன் பேராசிரியர் உலகத்துக்கே அறிவித்தார். அதற்கு முதல் நாள்தான் இவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "மதில் இல்ல சார், வெறும் பாறை" என்றிருந்தார். பேராசிரியருக்குச் சிலை வைக்காத குறை. இவருக்குப் படகில் இடமில்லை. நாற்பது மீட்டர் ஆழம் போன மனிதர், அதன்பின் மொட்டைமாடித் தொட்டிகளில் முழங்கால் ஆழத்தில் நின்று பாசி சுரண்டினார்.

பேராசிரியர் உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு தொலைக்காட்சிக்காரன், தோளில் கேமரா.

"தங்கச்சி, ஒரே ஒரு வார்த்தை. கடைசி மூச்சு வரைக்கும் அந்த நகரத்தப் பத்தியேதான் பேசிட்டிருந்தார்னு சொல்லிடுங்க. அடுத்த மாசம் மறுபடி இறங்கறோம். அவர் பேர்லயே."

"கடைசியா அவர் கேட்டது, தொட்டி வால்வ மூடினியான்னு."

கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான். "அண்ணி, விடுங்க. பெரிய மனுஷன், வீடு தேடி வந்திருக்கார்."

"வர்றவர் வாசல் அளவு தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கலாம்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவளே எழுந்தாள்.

சமையலறையில் குடத்தை மூடியிருந்தது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. முக்குளிப்பவர்கள் தண்ணீருக்கடியில் பென்சிலால் எழுதிக்கொள்வது. மேலே வந்ததும் நோட்டில் ஏற்றிவிட்டு, மணல் போட்டுத் தேய்த்து அழிப்பார்கள். இந்த ஒன்றை மட்டும் பேராசிரியர் நோட்டில் ஏற்றவிடவில்லை, கணவரும் அழிக்கவில்லை. பதினோரு வருடமாக அவளும் அதன் அடிப்பக்கத்தை மட்டுமே தேய்த்துக் கழுவினாள்.

டம்ளரைப் பலகைமேல் வைத்துத் தட்டுப்போல் ஏந்தி வந்தாள்.

பேராசிரியர் டம்ளரை எடுத்தார். டம்ளர் இருந்த இடத்தில் பென்சில் எழுத்து, கோணல்மாணலாக: ‘மதில் இல்லை. பாறை. மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.’ கூடவே தேதி, ஆழம்.

டம்ளர் வாய்க்குப் போகவில்லை.

"சார், என்னமோ எழுதியிருக்கே?" கேமரா குனிந்தது.

"அத நிறுத்துப்பா."

"நிறுத்தாதீங்க தம்பி," என்றாள் அவள். "எழுத்து சின்னது. கிட்ட வந்து எடுங்க."

அவள் வெளியே போனாள். தங்க எழுத்து மறையும்படி பலகையை மலர்வளையத்தின்மேல் சாத்திவிட்டு, மறுபடி தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

அவரை எடுத்துப்போன பிறகு, குடத்தின்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தாள். அளவு பொருந்தவில்லை. ஒரு பக்கம் இடைவெளி. நகர்த்தினாள், இடைவெளி மறுபக்கம் போயிற்று.