மனுவின் கடைசிப் பத்தி

"ஏம்மா, சட்டையை டீசல்ல ஊற வச்சுத் தேச்சியா?"

மனு சார் சட்டையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, மடிப்புக் கலைய அவள் கையில் திணித்தார். இஸ்திரிக்காரம்மா வாசற்படியில் மூட்டையோடு நின்றிருந்தாள். உள்ளே வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகள் செல்போன் திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் பளிச்சென்று இருந்தது. போன வருஷம் இதே வீட்டில் ஒரு வார்த்தை பேச சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஏறவேண்டியிருந்தது.

"கரி வாசனையா இருக்கும்னு நெனைக்காதீங்க சார். இருபது வருஷமா கரிப்பெட்டியிலதான் தேய்க்கிறேன். ஒரு நாளாவது நாத்தம்னு சொல்லியிருப்பீங்களா? இது செல்போன் டவர் புகை. கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடுது. அதோட குழாய் எங்க வீட்டு ஜன்னலைப் பாத்துதான் நிக்குது. தேச்ச துணியை அந்த அறையிலதான் வைக்கணும், வேற அறை ஏது?"

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"ஒரு மனு எழுதிக் குடுங்க சார். என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது. உங்க கை பட்டா நடக்கும்."

அவர் பார்வையைச் சுவரில் தொங்கிய காலண்டருக்குத் திருப்பினார். "இப்ப நேரமில்லம்மா. பாக்கலாம்."

நேரமில்லை என்று மனு சார் சொல்லி அவள் கேட்டதே இல்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் குழாய் உடைந்தாலும் மனு, தெருவிளக்கு கண் சிமிட்டினாலும் மனு. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும் என்று தெருவில் கேலி செய்வார்கள். ஆறு மாதத்துக்கு முன் அவருடைய தெருவின் முனை வீட்டு மாடியில் டவர் வரப்போகிறது என்று தெரிந்ததும், மனிதர் ஒற்றை ஆளாக வீடு வீடாக அலைந்து கையெழுத்து வாங்கித் தடுத்துவிட்டார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். மரத்தடியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவளும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவள்தான். "நீயும் நம்ம தெருதாம்மா" என்று அவர் சொன்னபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

அவள் குடியிருந்தது பின்னால் இருக்கும் சந்தில். ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறை. பக்கத்துக் கட்டடத்தின் சொந்தக்காரர் எங்கேயோ தொலைவில் இருந்தார். அவர் மாடியில் டவர் வந்தது. கீழே ஜன்னலுக்கு நாலு முழம் தள்ளி ஜெனரேட்டரும் வந்து உட்கார்ந்தது. கொத்தனார் வேலை பார்த்து, சிமெண்டுத் தூசி தின்றே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட அவள் கணவரை, புகைப் பக்கமே போகாதே என்று டாக்டர் எச்சரித்திருந்தார். புகைதான் அவரைத் தேடி வந்ததே! ஜன்னலைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டும், திறந்தால் இருமல் கொல்லும். மின்சாரம் நின்றதும் மனிதர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்து முனைக்கு ஓடுவார். இப்போதெல்லாம் ஓடவும் முடியவில்லை. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

மனு சாரை நம்பிக் காத்திருந்தால் ஆகாது என்று மறுநாள் அவளே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். மூன்று மேஜைகளில் துரத்தப்பட்டு நான்காவது மேஜைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே இருந்த பொறியாளர் ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார்.

"எங்களைக் கேக்காமலே வச்சிட்டீங்களே சார்" என்றாள்.

"கேக்காம எப்படிம்மா? முதல்ல முன்தெருவுலதான் வைக்கிறதா இருந்தது. மக்கள் ஆட்சேபிச்சாங்க, மாத்தினோம். எங்க வைக்கலாம்னும் அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "உன் பேர் என்ன சொன்னே? இந்தா, நீயே கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா!"

பதினேழாவது கையெழுத்து. பக்கத்தில் கரி படிந்த கட்டைவிரல் தடம். அவளுடையதேதான்.

எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி முழு மனுவையும் படித்தாள். ஜெனரேட்டர் புகையால் மூச்சு நோயாளிகளுக்கு ஆபத்து என்று எழுதியிருந்தது. சத்தம், பழைய கட்டடத்தின் மேல் ஏறும் பாரம் எல்லாவற்றையும் மனு சார் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அப்புறம் கடைசிப் பத்தி:

"எனவே, மேற்படி கோபுரத்தை எங்கள் தெருவின் பின்புறச் சந்தில் உள்ள ஏதேனும் ஒரு மாடியில் அமைத்துக்கொள்ளலாம் என ஆலோசனை கூறுகிறோம். அங்கு குடியிருப்போர் வாடகைதாரர்களே. ஆட்சேபணை எழ வாய்ப்பில்லை."

அன்று மரத்தடியில் சூடான பெட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் நீட்டிய கடைசித் தாளில், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். தன் புருஷன் மூச்சைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள்! தன் மேல் வந்த ஆத்திரத்தில் முதலில் அழுகைதான் வந்தது. பிறகு அந்தக் கையெழுத்தை வாங்கியவர் ஞாபகம் வந்தது. அழுகை நின்றுவிட்டது.

மனுவை நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நான்காம் நாள் காலை மனு சார் வாசலில் இரண்டு நண்பர்களோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் தேய்த்த சட்டைகளை அவர் மடியில் வைத்து, அதன் மேல் ஒரு தாள்கட்டை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"மனுதான் சார். எங்க சந்துல முப்பத்தோரு வீடும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுதுதான் பாக்கி."

அவர் முதல் வரியைப் பார்த்தார். முகம் கறுத்தது. "இது... நான் எழுதினதாச்சே."

"காரணமெல்லாம் அச்சு அசலா நீங்க எழுதினதுதான். தெரு பேரை மட்டும் மாத்தியிருக்கோம். கதிர்வீச்சு அது இதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அது எனக்குத் தெரியாது. புகை தெரியும். புகையால ஆபத்துன்னு நீங்கதானே எழுதினீங்க? உங்க தெருவுல ஆபத்துன்னா எங்க சந்துலயும் ஆபத்துதானே?"

நண்பர்கள் இருவரும் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

"வச்சிட்டுப் போம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

"போன தடவை நான் பாக்காம போட்டேன் சார். உங்களை நம்பிப் போட்டேன். நீங்க பாத்தே போடுங்க. நான் நிக்கிறேன்."

அவர் படித்தார். உதடு அசைந்தது. மூச்சு நோயாளிகள் என்ற இடத்தில் விரல் நின்றது. உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு, "போடுங்களேன். நீங்க செஞ்ச வேலைதானே?" என்றாள். கடைசித் தாளைப் புரட்டிய மனு சார், ஏதோ பிடி கிடைத்ததைப் போல நிமிர்ந்தார்.

"டவரை எங்க மாத்தணும்னு எழுதலையே? இடம் சொல்லாம மனு குடுத்தா எடுபடாதும்மா."

"இடம் எழுதியிருக்கு சார். வீடு இல்லாத இடமா பாருங்க, எங்க வச்சாலும் பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டுட்டு வைங்கன்னு. உங்க கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துட்டோம். எங்க சந்துக்குப் பின்னாடியும் ஒரு சந்து இருக்கு. அங்க கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவங்க இருக்காங்க. அங்க வைங்கன்னு எழுதினா சுலபமா வேலை முடிஞ்சிடும். எங்களுக்கு மனசு வரலை."

மனு சார் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தார். முப்பத்திரண்டாவதாகத் தன் பெயரை எழுதினார். "தப்புப் பண்ணிட்டேம்மா. நாளைக்கு நானும் கூட வர்றேன், நகராட்சிப் பொறியாளர்கிட்ட நானே பேசுறேன்" என்றபோது குரல் அவருக்கே கேட்டிருக்காது.

அவள் தாள்களை வாங்கிச் சரிபார்த்து மடித்துக்கொண்டாள்.

"வாங்க. ஆனா ஒண்ணு சார். நம்ம வீட்டு வாசலுக்கு ஆகாதது அடுத்தவன் வாசலுக்கும் ஆகாது. பின்னாடி தள்ளிவிட்டா தொலைஞ்சுதுன்னு நெனைச்சீங்க. எங்க வீட்டுப் புகை உங்க சட்டையிலயே ஏறி உங்க வாசலுக்கு வந்திடுச்சு, பாத்தீங்களா?"