வாசலில் காத்திருந்த நிழல்கள்

சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் கூடத்தில் விளக்குகளை இரண்டாம் முறை மாற்றிப் போட்ட மறுநாள் காலை, அங்கே வேலை பார்த்த எல்லோருடைய நிழல்களும் எழுந்து வெளியே போய் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. சாயங்காலம் மணி அடித்ததும் அவரவர் நிழல் அவரவரோடு வீட்டுக்குப் போயிற்று. வாட்ச்மேன் முதலில் முணுமுணுத்தார், பிறகு அவரே ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். ஒரே ஒரு நாள் அவசரத்தில் ஒல்லி நிழல் ஒன்று குண்டு மேனேஜரோடு கிளம்பிவிட்டது; "என்னங்க, இப்படி இளைச்சுட்டீங்க!" என்று அவர் மனைவி அன்றைக்கு வற்புறுத்தி வற்புறுத்திப் பரிமாறினாராம். மற்றபடி அந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

நிழல்களுக்கு உள்ளே வேலை இல்லாமல் போனது கழுகு அக்காவால். தைத்து வரும் சட்டைகளில் பிசகு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் கூடத்தின் வேலை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் விட்டுப்போயிருந்தால் கண்டுபிடிப்பது லேசா என்ன? அக்காவுக்குப் பெயருக்கேற்ற கழுகுக் கண்; அதனால் கறுப்புச் சட்டைகள் எல்லாம் அவர் மேசைக்கே வரும். அந்தக் கண்களை நம்பித்தான் அவர் தங்கையை நர்ஸ் படிப்பில் சேர்த்திருந்தார். அப்படிப்பட்டவர் கையிலிருந்தே பிசகான சட்டைகள் தப்பிப் போக ஆரம்பித்தன. டியூப் லைட்டுகள் கண் சிமிட்டின, அயர்ன் பெட்டியைப் போட்டால் கூடமே மங்கியது, காலடியில் வயர்கள் பின்னிக் கிடந்தன. மத்தியானமானால் பாதிப் பேருக்கு மண்டை இடி.

நிர்வாகம் ஒரு எலக்ட்ரிகல் இன்ஜினியரை வரவழைத்தது; எல்லோருக்கும் அவர் லைட் மேடம். அவர் விடுமுறை நாளில் வந்து, மேசைக்கு மேசை மீட்டர் வைத்து வெளிச்சத்தை அளந்தார். வயர்களைச் சுவரோடு குழாயில் ஏற்றினார், அயர்ன் பெட்டிகளுக்குத் தனி லைன் இழுத்தார், யாருக்காவது ஷாக் அடித்தால் தானே அணையும் சுவிட்சும் வைத்தார். நாற்காலி வரிசைக்கு மேலே புது விளக்குகள் வந்தன. கூடம் பளபளத்தது. ஆனால் அக்கா மேசையிலிருந்து போன சட்டைகள் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தன.

"இவ்ளோ வெளிச்சம் போட்டும் தெரியலன்னா கோளாறு லைட்ல இல்லக்கா," என்றார் மேனேஜர். "நாளையிலருந்து வீட்ல இருந்து கண்ணைப் பாத்துக்கங்க."

அக்கா சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தார். கடைசி விளக்கைச் சரிபார்க்க வந்திருந்த லைட் மேடம் ஏணியிலிருந்து இறங்கி, "அக்கா, கொஞ்சம் எந்திரிங்க," என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சட்டைமேல் குனிந்தார். அவருடைய தலையின் நிழல் நேராகத் தையல்மேல் போய் விழுந்தது.

"அடக் கடவுளே! காலியா இருந்த கூடத்தை அளந்துட்டுப் போயிருக்கேன். ஆள் உக்காந்து குனிஞ்சா என்ன ஆகும்னு பாக்கவே இல்லையே! உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா. தப்பு என்னோடது."

இதை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப அந்தப் பைய உள்ள வைங்கக்கா," என்றார். அக்கா லைட் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

விளக்குகள் இடம் மாறின. ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பக்கமும், கண் கூசாதபடி வெள்ளை மூடிக்குள்ளிருந்து வெளிச்சம் இறங்கியது. மறுநாள் நிழல்கள் விழ இடம் தேடிக் கொஞ்ச நேரம் மேசைகளைச் சுற்றி வந்தன, பிறகு கிளம்பிவிட்டன. அக்கா முதல் மணி நேரத்திலேயே ஒரு கறுப்புச் சட்டையைத் தூக்கி ஓரமாய்ப் போட்டார். தலைவலி மாத்திரை டப்பாவில் யாரோ பொத்தான் போட்டு வைத்தார்கள். தங்கை படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. லைட் மேடம் வருஷா வருஷம் வந்து சுவிட்சுகளைச் சோதித்துப் போனார். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்ல நினைத்த அக்கா, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அப்படி வந்த ஒரு கோடையில் லைட் மேடத்துக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரை ஒரு மரம் கிடையாது. உச்சி வெயிலில் அவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பெஞ்சைப் பார்த்து, "ஏய், சும்மாதானே உக்காந்திருக்க? மேடம் வெயில்ல போறாங்க பாரு!" என்று கத்தினார்.

அக்காவின் நிழல் எழுந்து ஓடியது. அதன் பின்னால் பெஞ்சு முழுக்கக் காலியானது. லைட் மேடம் திடீரென்று குளிர்ந்த தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேகம் ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி, ஜன்னலை நோக்கிக் கையை உயர்த்திவிட்டு, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்தார். அவர் பஸ் ஏறும்வரை நிழல்கள் கூடவே நின்றன, மணி அடிப்பதற்குள் திரும்பிவிட்டன. அன்று எல்லோரும் லேசாகச் சூடேறிய நிழலோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.