ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தொங்கிய புடவை

“ஃப்ரிட்ஜ் விலைக்குன்னு நெட்ல போட்டிருக்கிறது நீங்கதானேம்மா? சேவூர் சுபலட்சுமி?”

வெங்காயம் நறுக்கிய கையோடு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “ஆமாங்க” என்றேன். இரண்டு நாளில் அது ஒன்பதாவது போன். முன்னால் பேசிய எட்டுப் பேரும் பாதி விலைக்குக் கேட்டவர்கள். இவரும் அதே ரகம்தான் என்று நினைத்து, “விலை ஃபைனல்ங்க, ஒரு ரூபா குறையாது” என்று முந்திக்கொண்டேன்.

“ஃப்ரிட்ஜ் இருக்கட்டும்மா. அதுக்குப் பின்னால கொடியில ஒரு புடவை தொங்குதே, முந்தியில வாழைமரம் போட்டது. அதை யாரு நெய்யச் சொன்னாங்க?”

போன் நழுவி வெங்காயத்தின் மேல் விழுந்தது. எடுத்து, காதில் வைக்காமலே சிவப்பு பட்டனை அமுக்கினேன். பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் பாலமுருகன் தறி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

இது 2009 ஐப்பசியில் நடந்தது. எங்கள் வீட்டில் ஓடிய தறி எங்களுடையது இல்லை. தறி, அதன் தலைமேல் இருந்து டிசைனை இறக்கும் ஜக்கார்டு பெட்டி, பட்டு, ஜரிகை எல்லாமே மணவாளன் முதலாளியுடையது. நாங்கள் கையும் காலும் போட்டு நெய்து கொடுத்தோம். அந்த வாழைமர டிசைனைக் கொடுக்கும்போது முதலாளி கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். முந்தியில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம், நடுவே தோரணம். கல்யாண வீட்டு வாசலை அப்படியே முந்தியில் இறக்கியது போல இருக்கும். “தை முகூர்த்தம் வரைக்கும் இது வெளிய தெரியக்கூடாது. ஈ, எறும்புக்குக்கூடத் தெரியக்கூடாது” என்றார். ஈ, எறும்பிடமிருந்து காப்பாற்றி, உலகத்துக்கே படம் காட்டிவிட்ட புண்ணியவதி நான்தான்.

பழைய பொருள் விற்கும் இந்த வேலை அதற்கு முந்தின வருஷம் என் சைக்கிளில் ஆரம்பித்தது. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ரேணுகாதேவி என்கூடப் படித்தவள். “காசு இல்லாம விளம்பரம் போடலாம்டி, போட்டோ மட்டும் குடு” என்றாள். மூன்றாம் நாள் சைக்கிள் போய்விட்டது. தெருவே அசந்துபோனது. அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுத்த சமயம் அது. வீட்டுக்கு வீடு பழைய டிவி மூலையில் கிடந்தது. அத்தனையையும் நான்தான் விற்றுக் கொடுத்தேன். ஆளுக்கு ஏதோ கொடுப்பார்கள். எனக்குப் பணத்தைவிட, “சுபாகிட்ட குடு, வித்துடுவா” என்று தெருவில் சொல்வது பிடித்திருந்தது.

பேஜாரும் இல்லாமல் இல்லை. பெரணமல்லூரிலிருந்து ஒருத்தர் வந்து, பழைய கிரைண்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, நான் போட்ட காபியையும் குடித்துவிட்டு, “கல்லு தேஞ்சிருக்கு” என்று எழுந்து போனார். பொம்பளை பேரும் நம்பரும் போட்டிருப்பதால், மிக்ஸிக்கு என்று போன் செய்து, “சாப்டீங்களா?” என்று விசாரிக்கிற கும்பல் தனி. அவர்களை என் வாயாலேயே ஓட்டிவிடுவேன். பயம் என்று ஒன்று இந்த வியாபாரத்தில் எனக்கு வந்ததே இல்லை.

ஃப்ரிட்ஜ் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுடையது. அவள் வீட்டில் வெளிச்சம் போதாது. எங்கள் தறி அறையில் கூரையில் நாலு கண்ணாடி ஓடு இருக்கிறது. பகலில் வெளிச்சம் கொட்டும். அதனால் ஃப்ரிட்ஜை அங்கே நகர்த்தி வந்து, ரேணுகாதேவியின் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிப் படம் எடுத்தேன். முதல் நாள்தான் தறியிலிருந்து அறுத்த புடவை, பிசிறு வெட்டுவதற்காகக் கொடியில் விரித்துக் கிடந்தது. அந்த அறையிலேயே கிடக்கிறவளுக்குப் புடவை கண்ணில் படுமா? சுவர் மாதிரிதான் அதுவும். என் கண் முழுக்க ஃப்ரிட்ஜின் கதவில் இருந்த கீறல் மேல் இருந்தது. அது தெரியாதபடி எப்படி எடுப்பது என்றே யோசித்தேன்.

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, “ரேணுகா கூப்பிட்டா, வந்துடறேன்” என்று பொய் சொல்லி டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வழியில் செய்யாறு கம்பெனி பஸ் எதிரே வந்தது. லோகநாதன் அதில் இருப்பாரோ என்று பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவரும் மணவாளனுக்குத்தான் நெய்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசைனைத் தன் மச்சானுக்குக் காட்டினார் என்று பேச்சு வந்தது. மறுநாளே மினி வேன் வந்து நின்றது. தறியைக் கழற்றி, கட்டை கட்டையாக ஏற்றினார்கள். அவர் பெண்டாட்டி வாசலில் நின்று கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் இந்த ஊரில் ஒரு முதலாளியும் அவருக்கு நெய்யப் பாவு நூல் கொடுக்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் அந்தச் செய்யாறு கம்பெனிக்கு ஷிஃப்டு வேலையில் மூட்டை தூக்கப் போனார். மச்சானிடம் காட்டியதற்கே அந்தக் கதி. நான் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அது ரேணுகாதேவியின் கம்ப்யூட்டரில் தெரிந்தது. படத்தின் கீழே, பார்த்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

“ஐயோ, அழிச்சுடுடி! ஜல்தி!”

“இருடி, பதறாத. படத்தைப் பெருசாக்கிப் பாக்கறேன், அவ்ளோ தெளிவாவா இருக்கப் போவுது?”

பெரிதாக்கினாள். கேமரா நல்ல கேமரா. குலையில் சீப்பு சீப்பாக எண்ணலாம் போல இருந்தது. ஃப்ரிட்ஜின் கீறல்கூட அதில் அத்தனை தெளிவாகத் தெரியவில்லை. ரேணுகாதேவி பாஸ்வேர்டை அடித்தாள். தப்பு என்றது. மறுபடி அடித்தாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, அப்படியே நின்றது. மழையில் லைன் போய்விட்டது. டெலிபோன் ஆபீசுக்குப் போன் செய்தாள். நாளைக்குத்தான் வரும் என்றார்கள். நான் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கப் போனேன்.

“இதைப் புடுங்கினா அது போவாதுடி. அது இங்க இல்ல” என்றாள்.

எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினாள்.

வீட்டு வாசலை மிதிக்கும்போது அதே நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்காவிட்டால் நேரில் வந்துவிடுவாரோ என்று பயந்து எடுத்தேன்.

“கட் பண்ணாதம்மா” என்றார். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. வயசானவர் குரல். அந்த நிதானம்தான் என்னை இன்னும் பயமுறுத்தியது. “நான் காஞ்சிபுரத்துல இருந்து பேசறேன். என் பையன் செய்யாறுல வேலை பாக்கறான், ரூமுக்குப் பழைய ஃப்ரிட்ஜ் தேடிகினு இருந்தான். அவன்தான் படத்தைக் காட்டினான். யார் குடுத்த டிசைன்னு மட்டும் சொல்லு.”

“எனக்குத் தெரியாதுங்க. அது வாங்கின புடவை.”

“பிசிறுகூட வெட்டாத புடவையை யாரும்மா விப்பாங்க?” என்றார். “நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பேசறேன். அப்பவும் சொல்லலைன்னா சேவூருக்கே வரேன்.”

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார், கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தார். தறி நின்ற வீடு எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. கன்னியம்மா வீட்டு டிவி, மழை எல்லாம் கேட்டது.

“நாளைக்குக் காலையில புடவை வாங்க முதலாளி வராரு” என்றார் கடைசியில். “அவரு காதுல வேற யாராவது போடறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம் சுபா. கால்ல உழுந்தாவது கேப்போம்.”

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் மினி வேனோ என்று எட்டிப் பார்த்தேன். பாலமுருகனுக்குத் தறியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மூட்டை தூக்கும் உடம்பும் இல்லை அவருக்கு. பழைய சாமான் விற்றுப் பெயர் வாங்க ஆசைப்பட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காலையில் ஒன்பதரைக்கு முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை மடியில் விரித்து, முந்தியைத் தடவிப் பார்த்து, “பலே, பாலமுருகா” என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கும்பிட்ட கையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். ஃப்ரிட்ஜ், கொடி, படம், நானூற்றுப் பன்னிரண்டு பேர். சொல்லச் சொல்ல முதலாளியின் முகம் கறுத்தது. எழுந்து நின்றுவிட்டார்.

“பழைய சாமான் விக்கிறவளுக்கு என் தறி எதுக்கு? இன்னிக்கே கழட்டறேன். உன் புருஷன் இந்த ஊர்ல இனிமே எப்படி நெய்யறான்னு பாக்கறேன்!”

“முதலாளி, தெரியாம பண்ணிட்டேங்க. அந்தக் காஞ்சிபுரத்துக்காரருகிட்டகூட உங்க பேரை நான் சொல்லல…”

“யாரு?” என்றார்.

“காஞ்சிபுரத்துல இருந்து ஒரு பெரியவரு ரெண்டு வாட்டி போன் பண்ணாருங்க. டிசைன் யாரு குடுத்ததுன்னு கேட்டுகினே இருக்காரு.”

முதலாளி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். குடை கீழே விழுந்ததை எடுக்கவில்லை. பத்து வருஷமாக அவருக்கு நெய்கிறோம், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. முந்தின நாள் கண்ணாடியில் என் முகம் அப்படித்தான் இருந்தது.

“கதவைச் சாத்து” என்றார்.

சாத்தினேன்.

“அந்த டிசைனு நம்மது இல்ல. டிசைனை கிராஃப் காகிதத்துல போடறவன் ஒருத்தன், அந்தப் பெரியவருக்குப் போட்டதை எனக்கு ஒரு காப்பி குடுத்தான். அவரு சங்கத்துல பெரிய கை. தெரிஞ்சா நான் காஞ்சிபுரத்துல தலை காட்ட முடியாது.” குரலைத் தாழ்த்தினார். “இப்ப இன்னா ஆயிப்போச்சு? விளம்பரத்துல உன் பேருதானே இருக்குது? உன் ஊடு, உன் நம்பரு. டிசைனு எங்க ஊட்டுக்காரரே போட்டாருன்னு சொல்லிடு. நெய்யறவங்க, பாவம், தெரியாம பண்ணிட்டாங்கன்னு வுட்டுடுவாரு. தறியை நான் தொட மாட்டேன். சத்தியமா.”

பாலமுருகன் தலையை ஆட்டினார். முதலில் லேசாக, பிறகு வேகமாக. தறி போகாது என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதும். எனக்கும் ஒரு நிமிஷம் அப்பாடா என்றுதான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. திருட்டு டிசைனைப் பூட்டி வைக்கத்தான் எங்களை இத்தனை நாள் ஈ, எறும்புக்குப் பயப்பட வைத்திருக்கிறார். பிடிபட்டால் திருடன் என்ற பெயர், கிராஃப் காகிதத்தில் ஒரு கோடு போடத் தெரியாத என் வீட்டுக்காரருக்கு. கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. சரி, சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

சரியாகப் பத்து மணிக்குப் போன் அடித்தது. “ஸ்பீக்கர்ல போடு” என்றார் முதலாளி. போட்டேன்.

“இன்னிக்காவது சொல்றியாம்மா?”

“ஐயா, அது… எங்க ஊட்டுக்காரரு…” முதலாளி, சொல்லு சொல்லு என்று கையை ஆட்டினார்.

பெரியவரே மேலே பேசினார். “உன்னை மிரட்டிட்டேன்னு நெனைக்காதம்மா. தையில என் பொண்ணுக்குக் கல்யாணம். அவ முகூர்த்தத்துக்குன்னு நானே உக்காந்து சொல்லிச் சொல்லிப் போட வெச்ச முந்தி அது. ஒரே ஒரு புடவை நெய்ஞ்சுட்டு டிசைன் அட்டையை எரிச்சுடணும்னு இருந்தேன். உலகத்துல வேற யாருகிட்டயும் இருக்காது, உன்கிட்ட மட்டும்தான் இருக்கும்னு அவகிட்ட சொல்லிட்டேன். இப்ப ஃப்ரிட்ஜுக்குப் பின்னால தொங்கறதை அவளும் பாத்துட்டா. அவகிட்ட நான் இன்னாம்மா சொல்லட்டும்?”

முதலாளியின் மடியில் அந்தப் புடவை இன்னும் விரிந்தபடியே கிடந்தது. பாலமுருகன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொன்னால் எங்கள் தறி ஓடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஐயா, குடுத்தவரு இங்கதான் உக்காந்துகினு இருக்காரு” என்றேன். “அவர்கிட்டயே கேளுங்க.”

போனை முதலாளி முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையாலும் கும்பிட்டார், எங்கள் வீட்டில், எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. நான் நீட்டியபடியே நின்றேன்.

“யாரது?” என்றது போன். “யாரு, பேசுங்க?”