மரம் விழுந்த பிக்கப்பின் இஞ்சின்

வெர்லின் ராவ்ஷின் கராஜில் ஒரு நோவா கார் நின்றது. எழுபத்தொன்றாம் வருஷத்து வண்டி. எட்டு சிலிண்டர், இரண்டு கதவு, வம்புக்கு இழுப்பதுபோல முன்பக்கம். அது ஓடி மூன்று வருஷமாகிறது. ஏன் என்று கேட்டால் இஞ்சின் தேய்ந்துவிட்டது என்பான். உண்மை ஊருக்கே தெரியும். கோடையில் ரேடியேட்டர் ஒழுகியபோது, குளிரில் உறையாத கூலன்ட் திரவம் வாங்கச் சோம்பல்பட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவைத்தான். ஊற்றியதை மறந்தும் போனான். ஒஹையோ குளிருக்கு ஞாபகமறதி கிடையாது. ஜனவரியில் தண்ணீர் உள்ளேயே பனிக்கட்டியாகி இஞ்சினைப் பிளந்துவிட்டது. சோளக் கிடங்கில் அத்தனை இயந்திரங்களையும் கட்டி மேய்க்கிற மனிதன் செய்த காரியம் இது.

வேறு இஞ்சின் வைக்க வேண்டும், அதுவும் கையைக் கடிக்காமல். அங்கேதான் குழப்பம் பிடித்தது. பக்கத்து வீட்டு கஸ் டீப்பிள் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பழைய வண்டிக்குப் பழைய இஞ்சின்தான் பொருந்தும், ஒரு கார்புரேட்டர், நாலு வயர், வேலை முடிந்தது என்றார். வெர்லினின் மச்சான் டுவேன் அதைக் கேட்டுச் சிரித்தான். புதுசாக வந்த பிக்கப் ஏதாவது ஒன்றிலிருந்து இஞ்சினை எடு, அதன் கம்ப்யூட்டரையும் வயர்க் கட்டையும் சேர்த்து உருவு என்றான். கார் பைத்தியங்கள் கூடும் இணையதளத்தில் கேட்டால், புது இஞ்சினின் எண்ணெய்த் தொட்டி நோவாவின் அடிச்சட்டத்தில் இடிக்கும் என்றான் ஒருவன். சட்டத்தை அறுத்துவிடு என்றான் இன்னொருவன். அறுக்கிறவன் மனிதனே இல்லை என்றான் மூன்றாமவன். வெர்லின் எல்லோரிடமும் சரி என்றான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவனுக்கு.

கடைசியில் டுவேன் ஒரு பிக்கப்பைக் கண்டுபிடித்தான். ஓக் மரம் விழுந்து, சாமான் ஏற்றும் அதன் பின்பக்கத் தொட்டி அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பக்கம் சேதமில்லை. இந்தக் கார் பைத்தியங்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: முழு வண்டியையும் கிடைத்த விலைக்கு வாங்குவது, இஞ்சினை உருவிக்கொள்வது, மிச்சத்தைப் பழைய இரும்புக்குத் தள்ளுவது. அன்று சாப்பாட்டு மேஜையில் டுவேன் முள்கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"அவசரப்பட்டு அவுத்துடாத. கொஞ்ச நாள் நல்லா ஓட்டிப் பாரு. எறக்கி வெச்சப்புறம் அது எண்ணெய் குடிக்குதுன்னு தெரிஞ்சா, யார்கிட்ட போய் அழுவ?"

வெர்லின் தலையை ஆட்டினான். ஆனால் அவன் மண்டை முழுக்க எண்ணெய்த் தொட்டியும் அடிச்சட்டமும்தான் இருந்தன. டுவேன் சொன்னது ஒரு காதில் புகுந்து மறு காதில் போயிற்று. மேஜையின் அந்தக் கோடியில் வெர்லினின் மனைவி மார்லிஸ் பீன்ஸ் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

பிக்கப் வாசலுக்கு வந்த அதே வாரம் வீட்டுக் காரின் கியர்பாக்ஸ் கைவிட்டது. மார்லிஸுக்குப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்குள்ள கிழவர்கள் விடியும் முன்பே முட்டை கேட்பார்கள். பஸ் என்பது அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும். அதனால் அவள் நசுங்கிய பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனாள். ஓரிரு நாளைக்குத்தான் என்று வெர்லின் நினைத்தான். கிடங்குக்கு அவன் நடந்தே போனான்.

ஓரிரு நாள் வாரமாகி, வாரம் மாதத்தைத் தாண்டியது. இஞ்சினை இறக்குவதற்காக கஸ்ஸிடம் இரவல் வாங்கிய சின்ன கிரேன் தூக்கி, கராஜின் மூலையில் கழுத்தை நீட்டிக்கொண்டு சும்மா நின்றது. தன் தூக்கிக்கும் சேர்த்து வெர்லின் கிறிஸ்துமஸ் விளக்கு போடப்போகிறானா என்று கஸ் வேலிக்கு மேலாக விசாரித்தார்.

வெர்லினுக்கு ஒன்றுமே புரியவில்லை. மார்லிஸ் அந்த வண்டியின் இருக்கையில் ஒரு மெத்தை கொண்டுபோய்ப் போட்டாள். காலையில் கிளம்புமுன் முன்மூடியைத் திறந்து எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தாள். சமையலறைத் துண்டில் கறுப்புக் கறைகள் வந்தன. சொந்தக் காருக்கு இருபது வருஷத்தில் ஒருமுறைகூட இந்த உபசாரம் நடந்ததில்லை. ஒருநாள், வண்டி எப்படி இருக்கிறது என்று மெல்லப் போட்டுப் பார்த்தான். நன்றாகத்தான் இருக்கிறது, ரயில் பாலத்து மேட்டில்கூட முனகாமல் ஏறுகிறது என்றாள். எப்போது இறக்கலாம் என்றதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று சொல்லிப் போய்விட்டாள். அவளுக்கு வண்டியைப் பிடித்துவிட்டது என்று அவன் முடிவுகட்டினான்.

அப்புறம் தூக்கம் போயிற்று. பிக்கப்பை அறுத்தால் நோவா பிழைக்கும், மார்லிஸின் வேலை போகும். அறுக்காவிட்டால் நோவா துருவாகும். வேறு இஞ்சின் வாங்கவோ வீட்டுக் காரைச் சரிசெய்யவோ வழியில்லை. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தான். வாயைத் திறந்து அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் அழுவாளோ என்ற பயம். ஊர் உலகத்திடமெல்லாம் யோசனை கேட்டவன், கேட்க வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை வேலிக்குப் போய், நோவாவை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கஸ்ஸிடம் கேட்டுவிட்டான். கஸ் பத்து வருஷமாக அந்தக் காரின்மேல் கண் வைத்திருந்தவர். ஆனாலும் உடனே பதில் சொல்லாமல் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அந்தப் பக்கத்தில் கை குலுக்கினால் குலுக்கியதுதான். பேச்சு மாறுகிறவனை ஊர் கூடும் மீன் வறுவல் விருந்தில் பக்கத்தில் உட்காரவிடமாட்டார்கள்.

சனிக்கிழமை மார்லிஸ் வேலைக்குப் போயிருந்தாள். கஸ் டிரெய்லரைக் கொண்டுவந்து, இரும்புக் கயிற்றால் நோவாவை மேலே இழுத்தார். வெர்லின் பின்னால் நின்று தள்ளினான். சக்கரம் மேலே ஏறிய பிறகும் அவன் காரிலிருந்து கையை எடுக்கவில்லை. கஸ் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல வாரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே பிக்கப் வாசலில் வந்து நின்றது. மார்லிஸ் இறங்கினாள். டிரெய்லரைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"வித்துட்டேன். நீ பிக்கப்ப வெச்சுக்கோ."

"இந்த மரம் விழுந்த சனியன நான் வெச்சுக்கணுமா? அந்த சீட்டுல உக்காந்து என் இடுப்பே போச்சு. ஒரு மெத்தை போதாதுன்னு ரெண்டாவது வாங்கலாமான்னு நெனச்சேன்."

வெர்லின் விழித்தான். "தினமும் எண்ணெய் பாத்தியே. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்னியே."

"ஓட்டிப் பாத்துட்டுதான் எறக்கணும்னு டுவேன் சொன்னான்ல? உனக்கு எங்க நேரம்? அதான் நான் ஓட்டினேன். வெயில், மழை, ரயில் பாலத்து மேடு எல்லாத்துலயும் ஓட்டிட்டேன். ஒரு சொட்டு எண்ணெய் கொறையல, பொகை இல்ல. திங்கக்கெழமைலேருந்து கூட வேல பாக்குற நெட்டி என்னக் கூட்டிட்டுப் போறேன்னுட்டா. இன்னிக்கு எறக்கலாம்னு சொல்லத்தான் சீக்கிரமா வந்தேன்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி உன்ன ஒரு வழி பண்ணியிருந்தாங்க. நானும் ஒண்ணு சொல்லணுமான்னு இருந்துட்டேன்." அவள் குரல் உடைந்தது. "நீ ஏன்டா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதோடு, இத்தனை நாளும் எந்த வீட்டில் குடியிருந்தோம் என்ற திகைப்பும் சேர்ந்துகொண்டது. கஸ்ஸைப் பார்த்தான். கை குலுக்கியாகிவிட்டது. விட்டுவிடுங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை.

கஸ் கடைசி வாரைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் தன் கொட்டகையைக் காலிபண்ணி, தரையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். நோவாவின் கூரையை ஒருமுறை தடவினார்.

"நான் கை குலுக்கினது இவன்கூடத்தான். உன் கையை நான் குலுக்கலையே, மார்லிஸ்," என்று சொல்லி வாரை அவிழ்த்தார்.

நோவா வந்த வழியே பின்னோக்கி இறங்கியது. மூவருமாகத் தள்ளிக் கராஜுக்குள் நிறுத்தினார்கள். எண்ணெய்த் தொட்டி கட்டாயம் இடிக்கும், பழைய இஞ்சின்தான் சரி என்று கஸ் மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார். வெர்லினுக்கு இன்னமும் எது சரி என்று தெரியவில்லை. பிக்கப்பின் முன்மூடியைத் திறந்தான். சூடு முகத்தில் அடித்தது. மார்லிஸ் கறை பிடித்த சமையலறைத் துண்டை நீட்டினாள். அவன் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். எண்ணெய் மேல்கோட்டிலேயே நின்றது.

"ஆறட்டும், சுட்டுக்காத," என்றாள். "அப்புறம் வெர்ல், நோவாவுல இத வெச்சு முடிச்சதும் ரேடியேட்டர்ல நான் ஊத்துறேன். நீ பக்கத்துலயே வராத."