இரண்டே காலுக்கு ஆடும் தராசு

அன்று அறையில் இருந்தவர்கள்: ஆய்வுக்கூட இயக்குநர், எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சமன்பாடு என்று கூப்பிடும் கணித விஞ்ஞானி, கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், தரை துடைக்கும் அக்கா, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நுண்தராசு. கருத்துச் சொல்லாமல் இருந்தது தராசு மட்டும்தான்.

தினமும் மதியம் இரண்டே கால் ஆனால் தராசின் அளவு நகரும். மூன்று மணிக்குத் தானாகத் திரும்பிவிடும். இரண்டு மாத அளவீடுகள் குப்பைக்குப் போயிருந்தன. யார் தலையாவது உருண்டாக வேண்டும்.

சமன்பாடு எழுந்து ஈரப்பதம், காற்றழுத்தம், நிலவின் ஈர்ப்பு என்று ஏழு காரணிகளைப் பலகையில் ஏற்றினார். போன மாதம் மூன்று நாள் தராசு அசையவே இல்லை. அந்த மூன்று நாளுக்கென்று எட்டாவதைச் சேர்த்தார்.

இயக்குநர் கையை உயர்த்தினார். "ரெண்டு விளக்கம் இருந்தா எளிமையானதைத்தான் எடுக்கணும். அதுதான் சயின்ஸ். அந்தம்மா ரெண்டு மணிக்குத் துடைக்குது, தராசு ஆடுது. சாவியை வாங்கிட்டு அனுப்பிடுங்க."

அக்காவின் பதினோரு வருட வேலை நான்கு வாக்கியத்தில் முடிந்தது. எளிமைக்கு வேறென்ன சான்று வேண்டும்? அக்கா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மெக்கானிக்குக் கணிதம் வராது; எண்ண மட்டும் வரும். ஞாயிற்றுக்கிழமையும் தராசு ஆடுகிறதே, அன்று அக்காவுக்கு விடுமுறையாயிற்றே என்று கேட்டான். திருட்டுத்தனமாக வந்திருப்பாள் என்றார் இயக்குநர். வாசல் பதிவேட்டில் கையெழுத்து இல்லையே? சுவர் ஏறிக் குதித்திருப்பாள். எதற்கு? தரை துடைக்கத்தான்.

"லீவு நாள்ல, அம்பது வயசுல, சுவர் ஏறிக் குதிச்சு அக்கா தரை துடைக்குதுன்னு நம்பணும். இதுக்குக் கணக்கு சாரோட நிலாவே தேவலைங்க சார்."

பிறகு பக்கத்து அறையைக் காட்டினான். இரண்டு அறைக்கும் ஒரே மரத்தளம். அங்கே இயக்குநரின் கட்டில். சாப்பிட்டதும் இரண்டே காலிலிருந்து மூன்று வரை அவர் அதில் படுத்துச் சிந்திப்பார். வீட்டில் சத்தம் என்று ஞாயிற்றுக்கிழமையும் வந்து சிந்திப்பார். நூற்றுப்பத்துக் கிலோ சிந்தனை.

"தராசு ஆடாத மூணு நாளும் நீங்க லீவு சார். ஒரு வாரம் அந்த ரூமைப் பூட்டிப் பாப்போம். அப்பவும் ஆடினா அக்காவை அனுப்புங்க."

சமன்பாடு சத்தமில்லாமல் எட்டு காரணிகளையும் அழித்தார். தாமே போதித்த எளிமையை இயக்குநரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சரி என்று தலையாட்டினார்.

மணி இரண்டானது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இயக்குநர் பக்கத்து அறையைவிட்டு வெளியே வந்தார். அக்கா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள், பூட்டினாள், பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.